கைக்குழாய்க்குப் பக்கம் உண்டு, தாத்தாவுக்கு இல்லையா?

போன மாதம் ஒரு வாசகி தமிழ் விக்கிப்பீடியாவில் எப்படி எழுதத் தொடங்குவது என்று கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், "ஆனால் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் அங்கே கட்டுரை போட முடியாது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. பாதிப் பேருக்குக் கோபம். இரண்டு பேர் வாழ்க்கைக் குறிப்பையே இணைத்து, "இதற்காவது தகுதி உண்டா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடுவோம். பலரும் தங்களைப் பற்றியோ வீட்டாரைப் பற்றியோ கேட்டிருப்பதால் பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர் மட்டும் இருக்கிறது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் 31 ஆண்டுகள் கிளை நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 12 ஆண்டுகளாக, இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் விக்கிப்பீடியாவில் எதையாவது திருத்திக்கொண்டிருப்பேன். கட்டுரையை நீக்கும் அதிகாரம் உள்ள நிருவாகி இல்லை, சாதாரணப் பயனர்தான்.

அம்மா, நான் 34 ஆண்டுகள் ஆசிரியராகவும் தலைமையாசிரியராகவும் இருந்தவன். நல்லாசிரியர் விருது பெற்றவன். என்னைப் பற்றி நானே ஒரு கட்டுரை எழுதினேன். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். ஒரு படத்தில் தலைகாட்டியவனுக்கெல்லாம் பக்கம் இருக்கிறதே! — ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சங்கரன்கோவில்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீக்கியவர் உங்கள் சேவையை எடை போட்டு "போதாது" என்று சொல்லவில்லை. அவர் பார்த்த விஷயமே வேறு.

அங்கே புழங்கும் சொல் 'குறிப்பிடத்தக்கமை'. வாயில் நுழையக் கொஞ்சம் கஷ்டப்படும் சொல்தான். கேட்டவுடன், "நான் குறிப்பிடத்தக்கவன் இல்லையா?" என்று யாருக்கும் சுருக்கென்று படும். ஆனால் அது கேட்பது ஒரே ஒரு கேள்வி: உங்களைப் பற்றி, உங்களுக்குச் சம்பந்தமில்லாத யாராவது, நம்பத்தக்க இடத்தில், நாலு பத்தியாவது எழுதியிருக்கிறார்களா? நீங்கள் எழுதியது, உங்கள் பள்ளி ஆண்டு மலர், உங்கள் பாராட்டு விழா அழைப்பிதழ் எதுவும் கணக்கில் வராது. நல்லாசிரியர் விருது பெரிய விஷயம்தான். ஆனால் அது ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கிடைக்கிறது. பட்டியலில் பெயர் வருவது வேறு, ஒருவரைப் பற்றி எழுதப்படுவது வேறு.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். காலமான ஒரு கவிஞரைப் பற்றி ஒரு கட்டுரை. மூன்று பத்தி, ஒரு மேற்கோளும் (எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் சான்று) இல்லை. பிறந்த ஆண்டு 1931 என்று இருந்தது. ஒரு நாள் யாரோ 1934 என்று மாற்றினார். மறுநாள் பழையபடி 1931. அப்புறம் மறுபடி 1934. உரையாடல் பக்கத்தில் விசாரித்தால் இருவரும் அவருடைய பிள்ளைகள். அண்ணன் ஒரு கணக்கு, தம்பி ஒரு கணக்கு. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். எது சரி என்று நான் எதை வைத்துச் சொல்வது? அச்சில் ஒரு குறிப்பு இருந்தால் அதைக் காட்டி, "இதில் இப்படி இருக்கிறது" என்று முடித்திருக்கலாம். மூன்று மாதம் இழுத்த பிறகு அந்த வரியையே எடுத்துவிட்டோம்.

சினிமாக்காரர் விஷயத்தில் உங்கள் கோபம் நியாயம். இந்த அளவுகோல் ஊடகம் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் பார்க்கும். சினிமாவையும் கிரிக்கெட்டையும் பற்றித் தினமும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், வகுப்பறையைப் பற்றி எழுதுவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு காலத்தில், ஒரே ஒரு முதல்தரக் கிரிக்கெட் ஆட்டத்தில் ஆடியிருந்தாலே கட்டுரைக்குத் தகுதி என்று வைத்திருந்தார்கள். டக் அவுட் ஆகியிருந்தாலும் சரி! 2022இல்தான், ஆடினால் மட்டும் போதாது, யாராவது எழுதியும் இருக்க வேண்டும் என்று மாற்றினார்கள்.

இதையெல்லாம் யார் தீர்மானிக்கிறார்கள்? ஆசிரியர் குழு என்று ஒன்று உண்டா? — கல்லூரி மாணவி, கோவை

கிடையாது கண்ணு. அதுதான் அதன் அழகும் தலைவலியும்.

பழைய காலத்தை நினைத்துப் பார். 1910இல் அபிதான சிந்தாமணி என்ற கலைக்களஞ்சிய அகராதி வந்தபோது எது உள்ளே, எது வெளியே என்று முடிவு செய்தது ஆ. சிங்காரவேலு முதலியார் என்ற ஒரே ஒரு தமிழாசிரியர். 1954இலிருந்து கலைக்களஞ்சியம் தொகுதி தொகுதியாக வந்தபோது பெ. தூரன் தலைமையில் ஒரு குழு இருந்தது. அச்சுக்கூலி, தாள் விலை, பக்கக் கணக்கு எல்லாம் சேர்ந்து கையைக் கட்டும். 'க' வரிசையில் ஒரு தலைப்புக் கூடினால் இன்னொன்று குறைய வேண்டும்.

விக்கிப்பீடியாவில் தாளும் இல்லை, பக்கக் கணக்கும் இல்லை. இருக்கிற ஒரே பற்றாக்குறை, சரிபார்க்கிற மனிதர்கள். தமிழில் கட்டுரைகள் 2017லேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. நாள் தவறாமல் வந்து திருத்துகிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் முதல் பந்திக்கே ஆள் காணாது.

நடப்பது இதுதான். நீ ஒரு கட்டுரை போடுகிறாய். என்னைப் போல யாரோ ஒருவர் அண்மைய மாற்றங்களில் அதைப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் மேலே ஒரு வார்ப்புரு, அதாவது ஓர் அறிவிப்புப் பட்டை, ஒட்டுகிறார்: 'குறிப்பிடத்தக்கமை நிறுவப்படவில்லை', அல்லது 'மேற்கோள் இல்லை'. உரையாடல் பக்கத்தில் பேச்சு நடக்கும். பொதுவான விவகாரமானால் 'ஆலமரத்தடி' என்று ஒரு பக்கம் இருக்கிறது, அங்கே போகும். பெயருக்கேற்ற பஞ்சாயத்துதான், சொம்பு மட்டும் கிடையாது. நீக்குவது என்று முடிவானால் நிருவாகி ஒருவர் நீக்குவார். ஆங்கிலத்தில் இதற்குத் தனி மன்றமே உண்டு. சாதாரணமாக 7 நாள் விவாதம். தலையை எண்ணி முடிவு செய்வதில்லை, காரணத்தைப் பார்க்கிறார்கள். அப்படித்தான் விதி சொல்கிறது. நடைமுறையில் தலையையும் ஒரு கண் எண்ணும்.

விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸுக்கே இது நடந்தது. 2007 செப்டம்பரில் தென்னாப்பிரிக்கா போனவர், கேப் டவுனை ஒட்டிய குகுலேத்து என்ற குடியிருப்பில் 'ம்சோலிஸ்' என்ற இறைச்சிக்கடை உணவகத்தைப் பற்றி ஒரு குறுங்கட்டுரை போட்டார். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, ஒரு நிருவாகி அதை நீக்கிவிட்டார். அப்புறம் பெரிய சண்டை. கடையைப் பற்றிச் செய்தித்தாள்களும் பயண நூல்களும் எழுதியிருந்ததைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள், கட்டுரை நிலைத்தது. முதலாளி எழுதினாலும் மேற்கோள் கேட்பார்கள் என்பதற்கு இதைச் சொல்வேன். கேப் டவுன்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த கடை, எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குத் தெரியாததால் 'ஒன்றுமில்லாத கடை' ஆகிவிட்டது என்பதற்கும் இதையேதான் சொல்வேன்.

இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய பெண்மணிக்கே 'தகுதி இல்லை' என்று சொன்னார்களாமே, உண்மையா? — ஆய்வு மாணவர், திருச்சி

உண்மைதான் தம்பி. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனா ஸ்டிரிக்லேண்ட். லேசர் துடிப்பை நீட்டி, வலுவூட்டி, மறுபடி சுருக்குகிற முறையை 1985இல் தன் வழிகாட்டி ஜெரார் மூரூவுடன் சேர்ந்து வெளியிட்டவர். இன்று கண் அறுவை சிகிச்சையில் பயன்படும் லேசர்கள் வரை அந்த முறை வந்திருக்கிறது. 2018 மே மாதம் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றிய வரைவைத் திருப்பி அனுப்பினார்கள். கொடுத்திருக்கும் மேற்கோள்கள் போதாது என்பது காரணம். அக்டோபர் 2ஆம் தேதி நோபல் அறிவிப்பு வந்தது. அன்றே கட்டுரையும் வந்துவிட்டது. கூடப் பரிசு பெற்ற மூரூவுக்குப் பல ஆண்டுகளாகவே பக்கம் இருந்தது என்பதுதான் எல்லாரையும் உறுத்தியது.

திருப்பி அனுப்பியவர் விதியை மீறவில்லை. அவர் முன்னால் இருந்த வரைவில் இருந்தவை ஸ்டிரிக்லேண்ட் சார்ந்திருந்த அமைப்புகளின் குறிப்புகள். வெளியாள் எழுதியது இல்லை. ஆனால் கொஞ்சம் தேடியிருக்கலாம். அந்தக் 'கொஞ்சம் தேடியிருக்கலாம்' இருக்கிறதே, அது என்னையும் குத்தும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ராத்திரி, 11 மணி இருக்கும். வரிசையாகப் புதுக் கட்டுரைகளைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். அன்றைக்கு வந்தவை எல்லாம் விளம்பரம்: ஒரு ஜோதிடர், ஒரு மனை விற்பனையாளர், தன்னைத் தானே 'இளம் சாதனையாளர்' என்று சொல்லிக்கொண்ட ஒரு பையன். அதே வேகத்தில் மூன்று வரிக் கட்டுரை ஒன்று வந்தது. தென் மாவட்டத்து வில்லுப்பாட்டுக் கலைஞர் ஒருவர், பெண். பிறந்த ஊர், குரு பெயர், "பல கோயில்களில் பாடியுள்ளார்". மேற்கோள் இல்லை. அரை நிமிடம் யோசித்திருப்பேனா? நீக்கல் வார்ப்புருவை ஒட்டினேன். இரண்டு நாளில் கட்டுரை போய்விட்டது.

இரண்டு ஆண்டு கழித்து, நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளை நூலகத்தில் கழிவுக்கு ஒதுக்கிய மலர்க் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கலைவிழாச் சிறப்பு மலர். முதுகு கரையான் அரித்திருந்தது. உள்ளே அதே அம்மா. நான்கு பக்கப் பேட்டி, வில்லின் முன் உட்கார்ந்து வீசுகோலைத் தூக்கிய கையோடு ஒரு படம். எந்தக் கதைகளைப் பாடினார், எந்தக் கதையைப் பெண் பாடக் கூடாது என்று தடுத்தார்கள், குடம் அடிக்க ஆள் வராத நாளில் என்ன செய்தார், எல்லாம் இருந்தது. அன்று இரவே கட்டுரையைப் புதிதாக எழுதினேன். இப்போது நிலையாக இருக்கிறது. ஆனால் முதலில் அந்த மூன்று வரியைப் போட்ட பயனர் யார் என்று போய்ப் பார்த்தேன். அவருடைய பங்களிப்புப் பட்டியலில் அந்த ஒரு கட்டுரைதான். அதற்கப்புறம் அந்தக் கணக்கிலிருந்து ஒரு தொகுப்பும் இல்லை.

ஆங்கில விக்கிப்பீடியாவில் ஆட்களைப் பற்றிய கட்டுரைகளில் பெண்களுடையது ஐந்தில் ஒன்று அளவுதான் இருக்கும். ஜெஸ் வேட் என்ற பிரிட்டிஷ் இயற்பியலாளர் பல ஆண்டுகளாகப் பெண் விஞ்ஞானிகளைப் பற்றி உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார். விதியைத் தளர்த்தச் சொல்லிக் காத்திருக்கவில்லை. மேற்கோளைத் தேடி எடுத்து வைக்கிறார்.

ஒரு நிறுவனம் என்னைத் தொடர்புகொண்டு, 60,000 ரூபாய் கொடுத்தால் என் பின்னலாடைத் தொழிலுக்கு விக்கிப்பீடியா பக்கம் போட்டுத் தருவதாகவும், நீக்கினால் மறுபடி போடுவதாகவும் சொல்கிறது. நம்பலாமா? — திருப்பூர்

கொடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவில் கட்டுரைக்குக் கட்டணம் கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு எழுதுகிறவர் அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும் என்று 2014இலிருந்து பயன்பாட்டு விதிகளிலேயே இருக்கிறது. உங்களிடம் பேசியவர் அதைச் சொன்னாரா?

2015 ஆகஸ்டில் ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே கும்பலுடைய 381 கணக்குகளை ஒரே வீச்சில் தடை செய்தார்கள். அவர்கள் தொழில் செய்த விதம் கேளுங்கள். திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளாகப் பார்த்து எடுப்பார்கள். அந்த வியாபாரியைத் தேடிப் பிடித்து, "நாங்கள் போட்டுத் தருகிறோம்" என்று காசு வாங்குவார்கள். போட்ட பிறகு, "யாரும் நீக்காமல் பார்த்துக்கொள்கிறோம்" என்று மறுபடி காசு. நீக்கல் குறி வைக்கிறவரும் சில நேரம் அவர்களுடைய ஆளாகவே இருப்பார். உங்களுக்கு வந்த பேச்சிலும் 'நீக்கினால் மறுபடி' என்று இருக்கிறதே, அதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று. காசு கொடுத்துப் போடும் செய்தியும் மேற்கோள் ஆகாது. பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருக்கும், நாங்கள் முதலில் அங்கேதான் பார்ப்போம்.

யூடியூபில் எனக்கு 5 லட்சம் பேர் இருக்கிறார்கள். போதாதா? — சேலம்

போதாது. 5 லட்சம் பேர் உங்களைப் பார்க்கிறார்கள். உங்களைப் பற்றி எழுதியது எத்தனை பேர்?

எங்கள் ஊராட்சிக்கு ஒரு பக்கம் இருக்கிறது. திறந்து பார்த்தால் மக்கள்தொகை, கைக்குழாய் இத்தனை, சுடுகாடு இத்தனை என்று இருக்கிறதே தவிர ஒன்றுமே இல்லை. இதற்கு மட்டும் தகுதி எங்கிருந்து வந்தது? — முதுகுளத்தூர் வட்டம்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தரலாம்.

ஊர் என்றால் விதி வேறு. அரசு ஏட்டில் இருக்கிற, மக்கள் வாழ்கிற இடம் என்றால் கட்டுரைக்குரியது என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். ஊர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளாது, விளம்பரம் தேடாது. கணக்கெடுப்பு என்ற வெளி ஆதாரமும் நிச்சயம் இருக்கும். அதனால் தமிழ்நாட்டின் 12,000க்கு மேற்பட்ட கிராம ஊராட்சிகளுக்குத் தானியங்கி, அதாவது தானே எழுதும் நிரல், கொண்டு கட்டுரை போட்டார்கள். அரசுத் தரவை அட்டவணையாகக் கொடுத்தால் தானியங்கி ஒரே அச்சில் வார்த்துத் தள்ளிவிடும். அதனால்தான் எந்த ஊரைத் திறந்தாலும் அதே அடுக்கு: குடிநீர் இணைப்புகள், சிறு மின்விசைக் குழாய்கள், கைக்குழாய்கள், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகள், ஊரணிகள் அல்லது குளங்கள், சுடுகாடுகள் அல்லது இடுகாடுகள். ஊரின் எண் மட்டும் மாறும்.

இதெல்லாம் நம்மூர்க் கூத்து மட்டும் இல்லை. பிலிப்பைன்சின் செபுவானோ மொழி விக்கிப்பீடியாவில் 60 லட்சத்துக்கு மேல் கட்டுரைகள். பெரும்பாலும் ஸ்வெர்க்கர் யோஹான்சன் என்ற ஸ்வீடன்காரரின் தானியங்கி எழுதியவை. மனைவி பிலிப்பைன்ஸ் நாட்டவர், அவருடைய மொழிக்கு மனுஷர் செய்த சீர். எண்ணிக்கையில் உலக வரிசையில் மேலே போய்விட்டது. படிக்கத்தான் ஆள் குறைவு.

நான் ஆரம்பத்தில் இந்த ஊராட்சிக் கட்டுரைகளை வெறுத்தேன். பிறகு கொஞ்சம் மாறிவிட்டேன். வெற்றுப் பக்கத்தில் எழுதத் தயங்குகிறவர்கள், இருக்கிற பக்கத்தில் ஒரு வரி சேர்க்கத் தயங்குவதில்லை. உங்கள் ஊர்ப் பக்கத்தில் 'தொகு' என்பதை அழுத்திக் கண்மாயின் பெயரைச் சேருங்கள். கோயிலில் கல்வெட்டு இருந்தால், தொல்லியல் துறை படியெடுத்து அச்சிட்டிருக்கிறதா என்று மாவட்ட மைய நூலகத்தில் பாருங்கள். பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் 'சோத்கங்கா' தளத்தில் வட்டாரத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஆனால் "இவ்வூர் மக்கள் விருந்தோம்பலுக்குப் பெயர் பெற்றவர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள். எல்லா ஊர்க்காரரும் அதைத்தான் எழுதுகிறார்கள், எல்லாவற்றையும் நான்தான் அழிக்கிறேன்.

என் தாத்தா 40 ஆண்டுகள் நாதஸ்வரம் கடைந்தவர். பெரிய வித்வான்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போயிருக்கிறார்கள். அவரைப் பற்றிய என் கட்டுரைக்கு வார்ப்புரு ஒட்டிவிட்டார்கள். கைக்குழாய்க்குப் பக்கம் உண்டு, என் தாத்தாவுக்குக் கிடையாதா? — திருவிடைமருதூர் வட்டம்

தம்பி, தலைப்பு உங்கள் கடிதத்திலிருந்து எடுத்ததுதான்.

நாதஸ்வரம் செய்வதற்குப் பெயர்போன நரசிங்கம்பேட்டைக்கு நான் போயிருக்கிறேன். பட்டறைத் திண்ணையில் ஒரு பழைய உத்தரம் கிடந்தது, இடித்த வீட்டிலிருந்து வாங்கியது. ஆச்சா மரம். புது மரம் ஆகாது, பல பத்தாண்டு காய்ந்து ஈரம் அற்றுப் போனதுதான் வேண்டும் என்றார் அங்கிருந்த பெரியவர். குழல் பகுதியை 'உலவு' என்றார், கீழே விரியும் வாய் 'அணசு'. விரல் வைக்கிற துளை ஏழு. அதற்குக் கீழே விரல் போகாத துளைகள் ஐந்து உண்டே, அவற்றில் மெழுகு வைத்துச் சுருதியைச் சரிக்கட்டுவதை எனக்காக ஒரு முறை செய்து காட்டினார். நகக்கண்ணில் கடுகளவு மெழுகு. கொஞ்சம் எடுத்தார், ஊதினார், மறுபடி அப்பினார், ஊதினார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக நடந்த பதிவு, ஆவணம், அதையொட்டி வந்த செய்திக் கட்டுரைகள் எல்லாம் வெளியாட்கள் எழுதியவை. ஆகவே அந்தக் கைவினைக்குக் கட்டுரை கண்டிப்பாக நிற்கும். தனித்தனி ஆசாரிகளுக்கு நிற்குமா என்பது அவரவரைப் பற்றி என்ன அச்சில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுருதி தாழ்ந்த நீண்ட நாதஸ்வரமான பாரி நாயனத்தைச் செப்பனிட்டுத் தந்த ரங்கநாதன் ஆசாரியைப் பற்றி இசை உலகத்தார் எழுதியிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவைப் பற்றி?

"ஒன்றும் இல்லை" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். வீட்டுப் பரணில் இருக்கும். வித்வான்களின் மணிவிழா மலர்களைப் புரட்டுங்கள், வாத்தியம் செய்தவரைப் பற்றி ஒரு பத்தியாவது பேசியிருப்பார்கள். பழைய இசை இதழ்களும் வார இதழ்களும் சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. இணையத்தில் இருந்தால்தான் மேற்கோள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் அதிகம். அப்படி விதி இல்லை. இதழ் பெயர், மாதம், ஆண்டு, பக்க எண் இருந்தால் போதும்.

கிடைக்கிற வரைக்கும் என்ன செய்யலாம்? தனிக் கட்டுரையை விட்டுவிட்டு, கைவினைக் கட்டுரையில், மேற்கோள் உள்ள அளவுக்குத் தாத்தாவின் பெயரைச் சேருங்கள். அவருடைய கருவிகள் வீட்டில் இருந்தால் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்சில் ஏற்றுங்கள். அங்கே இந்தக் குறிப்பிடத்தக்கமை வம்பு கிடையாது. படம் கல்விக்குப் பயன்பட வேண்டும், உரிமம் தடையில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உளி, கடைசல் பட்டறை, பாதி கடைந்த உலவு, ஒவ்வொன்றையும் எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று கீழே எழுதுங்கள். நாளைக்கு ஓர் ஆய்வு மாணவர் அதைப் பார்த்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு கட்டுரை எழுதினால், அதுவே நீங்கள் தேடுகிற மேற்கோள்.

வார்ப்புரு ஒட்டியது நான் இல்லை. போய்ப் பார்த்துவிட்டேன்.

வணக்கம் அக்கா. அச்சில் இருக்க வேண்டும் என்கிறீர்கள். எங்களுக்கு அச்சில் இருந்ததே எரிந்து போனது. எங்கட ஊர் நாடகக்காரர், கூத்துப் பழக்குகிற அண்ணாவிமார் பற்றி ஆதாரத்துக்கு எங்கே போவது? — யாழ்ப்பாணம்

இந்தக் கடிதத்துக்கு மட்டும் பதில் எழுத ஒரு வாரம் ஆயிற்று.

1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை 97,000 நூல்கள் என்று சொல்வார்கள். அவற்றில் ஓலைச்சுவடிகளும் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. நூலகத்தில் வாழ்நாளைக் கழித்தவள் என்பதால் அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் பார்க்க முடியாது. சேர்க்கைப் பதிவேட்டில் 97,000 வரிகள். "ஆதாரம் எங்கே?" என்று உங்களிடம் கேட்கும்போது விதி சரியாகத்தான் இருக்கிறது, கேட்கிற வாய் கொஞ்சம் கூச வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: 2005இலிருந்து 'நூலகம்' என்ற பெயரிலேயே ஈழத்து நூல்கள், சிற்றிதழ்கள், நினைவு மலர்கள், ஏன், கல்வெட்டு என்று உங்கள் ஊரில் சொல்கிற, இறந்தவருக்காகக் குடும்பம் வெளியிடும் அந்தியேட்டி நினைவுப் புத்தகங்கள் வரை படியெடுத்து இணையத்தில் வைக்கிறார்கள். கூத்து அண்ணாவிமார் பற்றி அங்கே தேடுங்கள், அரங்கேற்ற மலர்களில் கிடைக்கும். வீட்டில் ஒன்று இருந்தால் அவர்களிடம் கொடுத்துப் படியெடுக்கச் செய்யுங்கள். அந்தியேட்டிப் புத்தகம் குடும்பத்தார் வெளியிட்டது என்பதால் தகுதிக்கு முழு ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பிறந்த தேதிக்கும் ஊருக்கும் போதும்.

வாய்மொழியையே மேற்கோளாக வைக்கலாமா என்று 2011இல் ஒரு முயற்சி நடந்தது. அச்சல் பிரபாலா என்பவர் முன்னின்று, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் ஆட்களிடம் பேசி ஒலிப்பதிவு செய்து, கிராமத்து விளையாட்டு போன்ற புத்தகத்தில் ஏறாத விஷயங்களுக்கு அந்தப் பதிவையே சான்றாகக் கொடுத்தார்கள். பரவலாக ஏற்கப்படவில்லை. ஏற்காததற்குக் காரணம் இருக்கிறது, அண்ணன் தம்பி கவிஞர் கதையை மேலே சொன்னேனே. ஆனாலும் ஒரு கூத்தின் மெட்டுக்கு அண்ணாவியாரின் வாயைவிடப் பெரிய ஆதாரம் எது என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதிவு செய்து வையுங்கள், தங்கச்சி. ஏற்கிற நாளில் கையில் இருக்க வேண்டும்.

விக்கிப்பீடியாவில் பக்கம் இருப்பது ஒரு கௌரவம்தானே? — விருதுநகர்

வீரப்பனுக்கும் இருக்கிறது.

உங்களுக்கு அங்கே பக்கம் உண்டா? — வாசகி, மன்னார்குடி

கிடையாது. போன ஆண்டு என் தங்கை மகன் ஆசையாக ஒன்று போட்டான். "31 ஆண்டுகள் அறிவுப்பணி ஆற்றியவர்" என்று தொடங்கியது. நீக்கல் வார்ப்புருவை நானே ஒட்டினேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

நீங்கள் எழுதியதால் ஒரு விஷயம். இரண்டு மாதத்துக்கு முன், பழைய தவில் வித்வான் ஒருவரைப் பற்றி இருக்கிறது என்று ஒரு கோயில் குடமுழுக்கு மலரை அனுப்பியிருந்தீர்கள் அல்லவா? அதில் 42ஆம் பக்கம் இருக்கிறது, அடுத்த தாள் கிழிந்து போயிருக்கிறது. கட்டுரை பாதி வாக்கியத்தில் நிற்கிறது. உங்கள் தெருவில் வேறு யார் வீட்டிலாவது அந்த மலர் இருந்தால் 43, 44ஆம் பக்கங்களை மட்டும் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். முதல் பக்கத்தையும் சேர்த்து எடுங்கள், வெளியிட்ட ஆண்டு அதில்தான் இருக்கும்.